ஹேதர்ப் பிள்ளைகளின் திருநாட்கள்

போலந்து, லித்துவேனியா, வெள்ளை ருஷியா, உக்ரைன் முதலிய நாடுகளின் யூதச் சிற்றூர்களில், மூன்று அல்லது நான்கு வயது நிரம்பிய ஆண்குழந்தையைத் தந்தை கொண்டுபோய்ச் சேர்த்த பள்ளிக்கு ஹேதர் என்று பெயர். அறை என்பது அதன் பொருள். மெலாமேத் என வழங்கப்பட்ட உபாத்தியாயர், அரசாங்க மானியம் எதுவுமின்றி, பெற்றோர் தவணைதோறும் கொடுத்த சொற்பச் சம்பளத்தைக்கொண்டு ஜீவனம் செய்தபடி, தாம் குடியிருந்த வீட்டிலேயே ஒரு மேஜையும் இரண்டு நீண்ட விசிப்பலகைகளும் இட்டுப் பள்ளியை நடத்துவார். அவருடைய மனைவி ஒரு மூலையில் சமைத்துக்கொண்டிருக்க, மற்றொரு மூலையில் தொட்டிற்குழந்தை அழுதுகொண்டிருக்க, நடுவில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வேதவாக்கியங்களை உரத்த குரலில் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

இவ்வறையைப்பற்றி எழுதியோரிற் பலர் அதன் புகையையும் இருளையும் உபாத்தியாயரின் சவுக்கையுமே விரித்துரைத்திருக்கின்றனர். லித்துவேனியாவிற் பிறந்து பெர்லினில் தத்துவ ஞானியாகப் புகழ்பெற்ற சாலமோன் மைமோன், 1792-ல் வெளியிட்ட தம் சுயசரிதத்தில், தாம் பயின்ற பள்ளியைப் புகை மண்டிய ஒரு சிறு குடிசையாகவும், அங்கே ஆண்ட உபாத்தியாயரைக் கொடுங்கோலராகவும் சித்திரித்தார். அவருக்குப் பின்வந்த சீர்திருத்தக்காரர்களும் அதே வழியிற் சென்றார்கள். அவர்கள் கூறியவை பொய்யல்ல. ஆயினும், அறைக்குள்ளே நடந்ததை மட்டும் கொண்டு ஹேதரை மதிப்பிடுவது பாதிக் கணக்கோடு ஏட்டை மூடிவிடுவதாகும் என்பது என் துணிபு. ஏனெனில் ஹேதரின் பாடம் பாதி அறையிலும் பாதி திருநாளிலும் நடந்தது. எந்தப் பள்ளி வருஷம் முழுவதும் பிள்ளையின் நாவை மட்டுமே பழக்கிற்றோ, அந்தப் பள்ளியே திருநாட்களில் அவன் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் வேலை கொடுத்து, இரண்டாயிரம் ஆண்டுச் சரித்திரத்தை அவனுக்குச் சொந்தமாக்கிற்று.

பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் இந்த ஏற்பாட்டின் வேர் மிகப் பழையது. ஆதியில் தந்தையே மகனுக்குக் கற்பித்தான். தந்தையற்ற பிள்ளை கல்வியற்றுப் போயிற்று. அக்குறையை நீக்க முதலில் எருசலேமிலும், பிறகு ஒவ்வொரு பிரதேசத்திலும் ஆசிரியர்களை நியமித்து, பதினாறு பதினேழு வயதுப் பையன்களை அவர்களிடம் சேர்த்தார்கள். அந்த வயதுப் பையனோ, ஆசிரியர் கோபித்துக்கொண்டால் எதிர்த்து நின்று எழுந்து போய்விட்டான். கடைசியில், கி.பி. 70-ல் எருசலேம் ஆலயம் அழிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு பிரதான ஆசாரியராக இருந்த யோசுவா பென் கம்லா என்பவர், ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறு ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும் என்று விதித்தார் என்று யூதரின் பழைய சமய விதிநூலாகிய தல்மூத் கூறுகிறது. 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 40 பிள்ளைகளானால் அவருக்கு ஒரு துணையாள், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்ற கணக்கும் அந்நூலிலேயே காணப்படுகிறது. அடிக்க நேர்ந்தால் செருப்பு வாரினாலன்றி வேறொன்றினாலும் அடிக்கலாகாது என்றும், படிப்பு ஏறாத பிள்ளையைத் துரத்திவிடாமல், படிக்கும் பிள்ளைகளுக்குத் துணையாக உட்காரவைக்க வேண்டும் என்றும் ஒரு ஞானி தம் காலத்து உபாத்தியாயர்க்கு உபதேசித்ததாகவும் அதிற் காண்கிறோம். கடைசியிற் சொன்ன உபதேசம் எக்காலத்துக்கும் பொருந்தும்.

திருநாளுக்கும் பிள்ளைக்குமுள்ள உறவைப்பற்றியும் தல்மூதில் ஒரு செய்தி உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி அகிவா என்னும் ஞானி, பாடசாலையிலிருந்து எழுந்து போகும் நேரம் வந்துவிட்டது என்று தம் வாழ்நாளில் ஒருபோதும் சொன்னதில்லையாம். எகிப்தினின்று விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்காப் பண்டிகைக்கு முந்தின நாளிலும், பாவநிவாரண நாளுக்கு முந்தின நாளிலும் மட்டும் சொல்வாராம். பஸ்கா இரவு விருந்தில் குழந்தைகள் தூங்கிப்போகாமல் விழித்திருந்து, இந்த இரவு மற்ற இரவுகளினின்றும் ஏன் வேறுபட்டது என்று கேட்கவேண்டும். அதற்காகவே அன்று அவர்களுக்கு வறுத்த தானியத்தையும் கொட்டைகளையும் பகிர்ந்து கொடுப்பார் என்பது வரலாறு. பாடத்தை நிறுத்தியதும் பாடத்திற்காகவே என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இடைக்காலத்தில், ரைன் நதிக்கரை நகரங்களில், பள்ளிப்பிரவேசமே ஒரு திருநாட் சடங்காயிற்று. வொர்ம்ஸ் நகரத்து எலெயாசர் என்னும் ஞானியின் நூலில் இச்சடங்கு விவரிக்கப்பட்டிருக்கிறது. மோசேயின் வேதமாகிய தோரா சினாய் மலையில் அருளப்பட்ட ஷாவுஓத் பண்டிகையன்று விடியற்காலையில், குழந்தையை ஒரு மேலாடையால் மூடி, வழியில் அசுத்தமான எதுவும் அதன் கண்ணிற் படாதவாறு தூக்கிச் சென்று, ஆசிரியர் மடியில் அமர்த்துவார்கள். எபிரேய அகரவரிசை எழுதிய பலகையில் ஆசிரியர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் குழந்தையைத் திருப்பிச் சொல்லச் செய்து, பிறகு அவ்வெழுத்துக்களின்மேல் சிறிது தேனைத் தடவுவார். குழந்தை அதை நாவால் நக்கும். வேதவாக்கியங்கள் பொறித்த தேன் பணியாரமும், அவ்வாறே எழுதிய வேகவைத்த முட்டையும் அடுத்துத் தரப்படும். லைப்சிக் நகரில் பாதுகாக்கப்படும் பதினான்காம் நூற்றாண்டுப் பிரார்த்தனைச் சுவடி ஒன்றில் இக்காட்சி வர்ண ஓவியமாகவே தீட்டப்பட்டிருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவிலோ, குழந்தை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மேலிருந்து ஒரு காசு பொத்தென்று ஏட்டின்மேல் விழும். நன்றாய்ப் படிக்கிறாய் என்று தேவதூதன் போட்டான் என்பார்கள். அதைப் போட்டது பின்னால் நின்ற தந்தையின் கை.

அந்த இனிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எழுத்துக் கூட்டுதல், பிறகு பிரார்த்தனைப் புத்தகம், பிறகு மோசேயின் ஐந்து ஆகமங்கள் என்று பாடம் ஏறும். அவற்றிலும் ஆதியாகமத்தின் கதைகளை விட்டு, பலிகளின் விதிகளைக் கூறும் லேவியராகமத்தையே முதலிற் பிடிப்பார்கள். மாசற்ற குழந்தைகள் மாசற்ற பலிகளைப்பற்றி முதலில் அறியட்டும் என்பது பழைய ஐதிகம். எபிரேயச் சொல் ஒன்று, வீட்டில் பேசிய இத்திஷ் மொழியில் அதற்குரிய சொல் ஒன்று என்று இராகத்தோடு மாறிமாறி உருப்போடுவதே முறை. வியாழக்கிழமை வாரப்பாடத்தில் பரீட்சை, வெள்ளிக்கிழமை அரைநாள், ஓய்வுநாளான சனியன்று பிற்பகல் தந்தையே மகனைச் சோதிப்பார். பெல்ஃபர் எனப்பட்ட சட்டாம்பிள்ளை காலையில் வீடுவீடாகச் சென்று சிறுவர்களை அழைத்துவருவான்; சேறு மிகுந்த நாட்களில் தோளிற் சுமந்தும் வருவான். குளிர்காலத்தில் இருட்டிய பின்னும் பாடம் நடக்கும். பிள்ளைகள் காகித விளக்கைக் கையிற் பிடித்துப் பனியில் நடந்து வீடு திரும்புவார்கள். ஊரில் ஆண்குழந்தை பிறந்தால், விருத்தசேதனத்திற்கு முந்தின நாள் மாலை பெல்ஃபர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்று, தாயின் கட்டிலருகில் நிறுத்தி விசுவாச மந்திரத்தைச் சொல்லவைப்பான். கை நிறையத் தின்பண்டம் கிடைக்கும்.

இந்நெடுந்தவணைகளின் ஊடே வந்தவை திருநாட்கள். மார்கழிக் குளிரில் வரும் ஹனுக்காவுக்குப் பல வாரங்கள் முன்பே பையன்களின் மனம் ஏட்டைவிட்டு ஈயத்துக்குப் போய்விடும். இரண்டு மரத்துண்டுகளைக் குடைந்து, நான்கு எபிரேய எழுத்துக்களை இடவலம் மாற்றிச் செதுக்கி, இரண்டையும் பொருத்திக் கயிற்றாற் கட்டி, உருக்கிய ஈயத்தைக் காம்பின் துவாரத்தின் வழியே வார்ப்பார்கள்; ஆறியபின் கட்டை அவிழ்த்து, பிசிறுகளை அரத்தால் தேய்த்தால் நான்கு பக்கம் கொண்ட பம்பரம் தயார். ஆட்டத்தில் நூன் என்ற எழுத்து விழுந்தால் ஒன்றுமில்லை, கிமெல் விழுந்தால் பந்தயம் முழுவதும், ஹே விழுந்தால் பாதி, ஷின் விழுந்தால் தன் கையிலிருந்து வைக்கவேண்டும். தோரா படிப்பதைக் கிரேக்க அரசன் தடைசெய்த காலத்தில், படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் வீரர்களைக் கண்டதும் பம்பரம் ஆடுவதுபோல் நடித்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. இப்பம்பரம் ஜெர்மானிய நாட்டு ஆட்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தது என்பதே சரித்திர ஆராய்ச்சியாளர் முடிபு. ஆயினும், எட்டு நாளும் மாலைப்பாடம் நின்றுபோக, விளக்கொளியில் அமர்ந்து அதைச் சுழற்றிய சிறுவன், ஆலயத்தை மீட்ட மக்கபேயரின் கதையை மறவாமல் நெஞ்சில் இருத்திக்கொண்டான்.

சேவாத் மாதத்துப் பதினைந்தாம் நாள் மரங்களின் புத்தாண்டு. வெளியே முழங்காலளவு பனி கிடக்க, உள்ளே பிள்ளைகளுக்கு அத்திப்பழமும் உலர்ந்த திராட்சையும், புண்ணிய பூமியிலிருந்து நெடுந்தூரம் வந்து கல்லாய் இறுகிப்போன கரோப் நெற்றும் பங்கிடப்படும். தாம் பார்த்தறியாத நாட்டின் பருவத்தை அவர்கள் பல்லால் கடித்துத் தெரிந்துகொண்டார்கள். பூரிம் பண்டிகையில் எஸ்தரின் வரலாறு வாசிக்கப்படும்போது யூதரை அழிக்கச் சூழ்ந்த ஆமானின் பெயர் வருமிடந்தோறும் கிலுகிலுப்பையைச் சுழற்றுவதும், வீட்டுக்கு வீடு பலகாரத்தட்டு சுமந்து சென்று காசு பெறுவதும் அவர்கள் பங்கு. நீசான் மாதத்தில் ஹேதரே மூடப்படும். அதற்குமுன் பஸ்கா இரவின் நான்கு கேள்விகளைக் கடைக்குட்டிவரை எல்லாரும் பாடம்பண்ணியாக வேண்டும்.

பஸ்காவிலிருந்து ஷாவுஓத் வரையுள்ள 49 நாட்கள் துக்கம் கலந்தவை. ரபி அகிவாவின் மாணாக்கர் 24,000 பேர் அந்நாட்களில் மாண்டதாகத் தல்மூத் சொல்கிறது. முப்பத்துமூன்றாம் நாள் அச்சாவு நின்றது என்பது வழக்கு. லாக் பஓமெர் என்ற அந்த ஒரு நாளில், வருஷமெல்லாம் வெயிலைக் காணாத பிள்ளைகளை உபாத்தியாயர் ஊர்ப்புறத்துக் காட்டுக்கு அழைத்துச் செல்வார். வளைத்த கொம்பில் கயிறு கட்டிய வில்லும், சீவிய குச்சியம்பும் ஒவ்வொரு கையிலும் இருக்கும். மடியில் சாயம் தோய்த்த அவித்த முட்டை இருக்கும். ரோமருக்கு எதிராக 132-ல் எழுந்த பார் கோக்பாவின் போரை அவ்வில் குறிப்பதாகச் சிலர் கூறுவர். ரபி ஷிமோன் பார் யோஹாயின் புண்ணியத்தால் அவர் காலத்தில் வானவில்லே தோன்றவில்லை, அதன் நினைவே இவ்வில் என்பர் மற்றவர். எதிர்த்துப் பேசவும் அஞ்சிய சிறுவனுக்கு, ஒரு நாளாவது தன்னைப் போர்வீரனாக எண்ணிக்கொள்ளும் உரிமையை உபாத்தியாயரே வழங்கினார் என்பதை ஹேதரின் எதிரிகள் கவனித்திருக்கவேண்டும்.

ஷாவுஓத் வருகையில் காகிதத்தை மடித்துப் பூவும் பறவையுமாக நுணுக்கமாய்க் கத்தரித்துச் சன்னற் கண்ணாடியில் ஒட்டுவது ஹேதர்ப் பையன்களின் கைவேலை. எருசலேமின் இரு ஆலயங்களும் அழிந்ததை நினைந்து உபவாசம் இருக்கும் ஆப் மாதத்து ஒன்பதாம் நாளிலோ, பெரியவர்கள் தரையிலமர்ந்து புலம்பிக்கொண்டிருக்க, பிள்ளைகள் காட்டில் பறித்துவந்த ஒட்டுமுட் காய்களை அவர்கள் தாடியில் எறிவார்கள்; அன்று அதற்கு அடி விழாது. கூடாரப் பண்டிகையின் முடிவில் தோராவை மகிழ்ந்து கொண்டாடும் இரவில், நுனியில் ஆப்பிளும் ஆப்பிளில் எரியும் மெழுகுவத்தியும் செருகிய காகிதக் கொடிகளை ஏந்திப் பிள்ளைகள் ஊர்வலம் வருவார்கள். பதின்மூன்று வயது நிரம்பாதவர்க்கு இல்லாத, தோரா வாசிப்புக்கான அழைப்பு, ஒரே பிரார்த்தனைப் போர்வையின் கீழ் எல்லாச் சிறுவர்க்கும் சேர்த்து அப்பண்டிகையன்று மட்டும் கிடைக்கும்.

பெண்குழந்தைக்கு இந்த அறையில் இடமில்லாதிருந்தது பெரிய அநீதி. சில ஊர்களில் அவள் எழுத்துக்கூட்டும் அளவு கற்றாள். 1917-ல் கிராக்கோவில் தையற்றொழில் செய்துவந்த சாரா ஷெனிரெர் என்னும் மாது பெய்த் யாக்கோவ் பள்ளியைத் தொடங்கிய பிறகுதான் வைதிக யூதப் பெண்களுக்கு ஒழுங்கான சமயக்கல்வி வாய்த்தது.

ஹேதரின் அந்திமக்காலம் விரைந்து வந்தது. ஆன்ஸ்கி என்னும் எழுத்தாளர் 1912 முதல் 1914 வரை உக்ரைன் பகுதிச் சிற்றூர்களிற் சுற்றி இவ்வழக்கங்களைத் திரட்டி, பிறப்பு முதல் இறப்பு வரையிலான யூத வாழ்வைப்பற்றி 2,087 வினாக்கள் கொண்ட நூல் ஒன்றை அச்சிட்டார். உலகப்போர் மூண்டு அவ்வேலையைத் தடுத்துவிட்டது. 1921-ல் வீத்தெப்ஸ்க் நகரில் சோவியத் அதிகாரத்தைச் சார்ந்த யூதக் கம்யூனிஸ்டுகள் ஹேதரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரணை நடத்தினார்கள். போலந்தில் எஞ்சியிருந்த ஹேதர்களை, அவற்றின் உபாத்தியாயர்களோடும் பிள்ளைகளோடும், நாஜிகள் அழித்தார்கள். எருசலேமிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் வைதிக யூதர் நடத்தும் ஹேதர்கள் இன்றும் உள்ளன.

அழிந்த சிற்றூர்ப் பிள்ளைகளின் உள்ளத்தை அறிய விரும்புவோர்க்கு, அவர்களுள் ஒருவராய் வளர்ந்த ஷோலெம் அலெய்ஹெம் இத்திஷ் மொழியில் எழுதிய திருநாட் கதைகளைக் காட்டிலும் நல்ல வழிகாட்டி இல்லை. தோராக் கொடி ஒன்றுக்காக ஏங்கிய ஏழைச் சிறுவனின் கதை அவற்றுள் ஒன்று. அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் எளிதிற் கிடைக்கின்றன; தமிழ் இளைஞர் எவரேனும் அவற்றைப் படித்து, நம் பிள்ளைகளும் படிக்கும்படி நல்ல தமிழில் தருவாராக.