சிதறால்: ஒரு குறத்தியின் பொன்

அகழாய்வு என்றதும் நமக்குக் கீழடியின் குழிகளே நினைவுக்கு வருகின்றன. குமரி மாவட்டத்துச் சிதறாலில் மண்வெட்டிக்கு வேலையில்லை. வரலாறு பாறையின் மேலேயே இருக்கிறது. திருச்சாரணத்துமலை என்பது அதன் பழம்பெயர். தீர்த்தங்கரர் சிற்பங்கள் நிறைந்த அம்மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. சுமார் 1100 ஆண்டுப் பழமையுடையது. அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குறத்திகள், மலைமேலுள்ள பட்டாரியாருக்குப் பொன்னணி அளித்த செய்தி அது.

குறத்தி என்பதை மலைக்குறத்தி எனப் படித்துவிடலாகாது. சமணப் பெண் ஆசான் என்பதே பொருள். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் இத்தகையோர் உண்டு. பெண்கள் கற்பித்த காலத்தின் சான்று அச்சொல்.

13ஆம் நூற்றாண்டில் கோயில் பகவதிக்கு உரியதாயிற்று. பொன்னை நாம் காணவில்லை, பெயரைக் காண்கிறோம். அதன்மீது நம் பெயரைக் கீறாதிருப்பதே தொல்லியலுக்கு நாம் ஆற்றும் முதல் தொண்டு.