தோல் கொடுத்த நந்தன்

எங்கப்பா பேரணாம்பட்டில் தோல் ஷாப்புச் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். ஜெமினியின் 'நந்தனார்' (1942) படத்தை டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து பார்த்த கதையைச் சாகும்வரை சொன்னார். தண்டபாணி தேசிகர் பாடப்பாட சனம் அழுததாம். ஒரே ராத்திரியில் வயல் விளைந்து நின்றபோது மட்டும் பொம்பளைங்க பக்கமிருந்து ஒரு கிழவி கத்தினாளாம்: "சாமியே வேல செஞ்சிட்டா கூலி யாருக்குடா?" கொட்டகையே சிரித்ததாம்.

அந்த வயலும் ஆண்டை வேதியரும் பெரியபுராணத்தில் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தம் கீர்த்தனையில் சேர்த்தவை. படக்காரர்கள் பிடித்துக்கொண்டது பாரதியைத்தான். 1935இல் கே.பி. சுந்தராம்பாளே நந்தனாக வேடம் கட்டியபோதும் வேதியர் இருந்தார். நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர்.

சேக்கிழாரின் நந்தனோ கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவன். நம்ம தொழில்காரன். இதைப் படித்துச் சொன்னதும் அப்பா பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "தோலு உள்ள போச்சில்ல? ஆளு போறதுக்கு எதுக்கு நெருப்பு?" தீ மட்டும் இரண்டு நூலிலும் உண்டு.

கோலார் தங்கவயலில் நம் சனம் ஜெமினி படத்துக்கு எதிர்ப்புக் காட்டியது. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பலர் நம் வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து போனவர்கள்.