கதவுக்கு மேல ஒரு கப்பி: உறைந்த தோளின் கதை

இந்த எபிசோட்ல போரும் இல்லை, ராஜாவும் இல்லை. ஒரு கயிறு, ஒரு கப்பி, ஒரு துடைப்பக் கட்டை. அவ்வளவுதான்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சர்ஜிக்கல் கடைகளில் பார்த்திருப்பீங்க. ஒரு பட்டை, அதில் ஒரு குட்டிக் கப்பி, கயிறு, ரெண்டு முனையிலும் கைப்பிடி. பட்டையைக் கதவுக்கு மேல் மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நல்ல கை கீழே இழுத்தால், தூக்க முடியாத கை மேலே போகும். நம்ம கிணத்து ராட்டினம்தான், வாளிக்குப் பதில் கை.

இது துணையோடு செய்யும் பயிற்சி. தோள் தானாக உழைக்காது. இன்னொரு கை, கயிறு, புவியீர்ப்பு, இல்லைன்னா பக்கத்துல நிக்கிற ஒரு ஆள் அதை நகர்த்தும்.

யாருக்குத் தேவைப்படும்? பெரும்பாலும் 40-லிருந்து 60 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகம். ஒருநாள் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது, பின்னல் போட முடியாது, பஸ்ல மேல் கம்பியைப் பிடிக்க முடியாது. சர்க்கரை இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். நம்ம தெருவுல வீட்டுக்கு வீடு மாத்திரை டப்பா இருக்குன்னா, உறைந்த தோளும் இருக்கத்தான் செய்யும்.

இப்ப வரலாறு. 1872-ல் பாரிஸில் துப்லே என்ற அறுவை மருத்துவர், பிரச்சினை எலும்பில் இல்லை, மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களில் இருக்கிறது என்று எழுதினார். அவர் சொன்ன வைத்தியம்? மயக்க மருந்து கொடுத்து, ஒட்டிக்கொண்டதைக் கையைத் திருகிப் பிய்த்துவிடுவது. பலப்பிரயோகம். அந்தப் புத்தி இன்னும் முழுசா போகலை, அதுக்கு அப்புறம் வரேன்.

1934-ல் பாஸ்டனில் எர்னஸ்ட் கோட்மன் தோளுக்கென்றே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்ற பெயர் அவர் கொடுத்தது. இந்த ஆளைப் பற்றித் தனி எபிசோடே போடலாம். தன்னிடம் வந்த ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டு, ‘குணமாச்சா? ஆகலைன்னா ஏன்?’ என்று எழுதி வைத்தார். 1911 முதல் 1916 வரை தன் சின்ன மருத்துவமனையிலிருந்து வீடு போன 337 பேரில் 123 தவறுகளைத் தானே எண்ணி அச்சிட்டார். நம்ம ஆபீஸ்ல சர்வர் விழுந்தா போஸ்ட்மார்ட்டம் எழுதறோமே, அதை நூறு வருஷம் முன்னாடி, தன் கத்தி மேலேயே எழுதினவர். சக டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1940-ல் இறந்தபோது கல்லறைக்குக் கல் கூட இல்லை, 2014-ல்தான் வைத்தார்கள்.

அவர் பெயரில் இன்றும் புழங்கும் பயிற்சி, ஊசல். நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பிலிருந்து குனிந்து, வலிக்கிற கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. யோசிச்சுப் பாருங்க: நிமிர்ந்து நின்று கையை முன்னால் 90 டிகிரி தூக்கினால் தசை எடையைச் சுமக்க வேண்டும். குனிந்து தொங்கவிட்டால் உடம்புக்கும் கைக்கும் நடுவே அதே 90 டிகிரி, ஆனால் தூக்குவது யாருமில்லை. ஒரு இன்ஜினியரா எனக்கு இதுல ஒரு தனி சந்தோஷம்.

1945-ல் நெவியாசர் மூட்டைத் திறந்து பார்த்து, தடித்துச் சுருங்கிய உறை, தோலில் ஒட்டிய பிளாஸ்திரி மாதிரி எலும்போடு ஒட்டியிருப்பதாக எழுதினார்.

இந்தியாவில் பிசியோதெரபி படிப்பு, 1952-ல் பம்பாயில் போலியோ பரவிய பிறகு கே.ஈ.எம். மருத்துவமனையில் வேர் பிடித்தது. நம்ம பக்கத்துக் கதை வேலூரில். பூந்தமல்லியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சிஎம்சி. அங்கே இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, பால் பிராண்டின் குழுவில், தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சிஎம்சியில் அதற்கென ஒரு துறையைத் தொடங்கினார். 1966-ல் மறுவாழ்வு மையம் வந்தது. அவர் துறை தோளுக்கானது இல்லை, தண்டுவடக்காரர்களுக்கானது. ஆனால் அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்கிப் பயிற்சிகளைக் கற்றுக்கொள்கிறார். நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் ‘கூட இருக்கறவங்க’ன்னு ஒருத்தர் எப்பவும் இருப்பாங்களே, டிபன் கேரியரோட? அவங்களும் வைத்தியத்துல ஒரு பங்குன்னு ஆக்கினது பெரிய விஷயம்.

இனி அந்தப் பலப்பிரயோகம். ஆவடியில் எங்க பெரியம்மாவுக்கு இடது தோள் உறைந்தது. ஒரு கிளினிக்கில் கையைப் பிடித்து ‘தாங்கிக்கோங்கம்மா’ என்று இழுத்தார்கள். பத்து நாள் ராத்திரி தூக்கமே இல்லை. வலி இல்லாமல் பலன் இல்லை என்று அவங்களும் நம்பினாங்க.

நெதர்லாந்தின் குரோனிங்கனில் 77 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2004-ல் வந்தது. ஒரு குழுவுக்கு வலியைத் தாண்டியும் இழுக்கிற பிசியோதெரபி. மற்ற குழுவுக்கு ஊசல் மாதிரியான, வலி எல்லைக்குள் நிற்கும் பயிற்சி, அன்றாட வேலை, அவ்வளவே. ரெண்டு வருஷ முடிவில் முதல் குழுவில் 63 சதவீதம் பேர் கிட்டத்தட்ட இயல்புக்குத் திரும்பினார்கள். மெதுவான குழுவில் 89. சின்ன ஆய்வுதான், கடைசி வார்த்தை இல்லை. ஆனால் பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்கணும்னு யாராவது சொன்னா, இந்த எண்களைக் காட்டுங்க.

இப்ப அவங்க வேற பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி செய்யறாங்க. காலையில் ஊசல். குளித்து உடம்பு சூடானதும் துடைப்பக் கட்டையை ரெண்டு கையாலும் பிடித்துப் படுத்தபடி தலைக்கு மேல், நல்ல கை தள்ள. முழங்கையை இடுப்போடு ஒட்டி அதே கட்டையால் கையை வெளிப்பக்கம் தள்ளுவது. இந்த அசைவுதான் முதலில் போகும், பெரும்பாலும் கடைசியில் திரும்பும். சாயங்காலம் கப்பி. நான் சனிக்கிழமை போனால் முழங்கையைத் தாங்கிப் பிடிப்பேன். ‘போதும்டா’ன்னா அங்கேயே நிறுத்தணும், இன்னும் ரெண்டு டிகிரின்னு ஆசைப்படக் கூடாது. (விழுந்து அடிபட்டிருந்தாலோ, காய்ச்சல், வீக்கம் இருந்தாலோ இதெல்லாம் செய்யாதீங்க, முதல்ல டாக்டர். சர்க்கரையும் பார்த்துடுங்க.)

இது குணமாக ஒரு வருஷம், சிலருக்கு மூணு வருஷம் ஆகும். தினம் பார்த்தால் மாற்றமே தெரியாது, அதனாலேயே பாதியில் விடறாங்க. கோட்மன் அட்டையை நினைச்சு நான் அவங்க கிச்சன் சுவர்ல மாசத்துக்கு ஒரு பென்சில் கோடு போடறேன்: விரல்கள் சுவரில் ஏறி நிற்கிற உயரம், பக்கத்துல தேதி. ஏழு கோடு ஆச்சு. மூணாவதும் நாலாவதும் ஒரே இடம். பரண்ல இருக்கிற இட்லி குண்டானுக்கு இன்னும் ஒரு சாண் இருக்கு.