மகமைக் காசும் பிடி அரிசியும்

விருதுநகர் கமிஷன் கடையில் சரக்குப் போட்ட சம்சாரிகளுக்கு அந்தச் சீட்டு நல்லாத் தெரியும். மேலே எடையும் விலையும் இருக்கும். கீழே கழிவு வரிசையா வரும்: கமிஷன், எடைக்கூலி, இறக்குகூலி, சாக்கு. கடைசியில் சின்னதா ஒரு வரி, மகமை. எங்கப்பா வத்தலும் மல்லியும் போட்ட காலத்துச் சீட்டு ஒரு கட்டு தகரப்பெட்டியில் இன்னும் கிடக்கு. அதில் மகமை எல்லாம் பைசாக் கணக்குதான். "இது என்னப்பா?"ன்னு கேட்டால் "தர்மத்துக்குப் போறதுடா" என்பார். அதுக்கு மேல அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்தத் தர்மம் எங்கே போய்ச் சேர்ந்ததுன்னு பல வருஷமா விசாரிச்சும் படிச்சும் நான் தெரிஞ்சுக்கிட்டதை இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும். மழை பெய்ஞ்சு காட்டில் கால் வைக்க முடியாத நாள்தானே, உட்கார்ந்து படிங்க.

முதலில் ஒண்ணு சொல்லிடுறேன். நான் அந்தச் சமூகத்துக்காரன் இல்லை. அதனால் பெருமைக்காகவும் எழுதலை, குறை சொல்லவும் எழுதலை.

மகமைங்கிற சொல் ரொம்பப் பழசு. வியாபாரிகள் தங்கள் சரக்கின் மேல் தாங்களே போட்டுக்கிட்ட வரிக்குத்தான் அந்தப் பேர். செட்டிநாட்டு நகரத்தார் பழனி முருகனுக்கு மகமை வச்சிருந்தாங்க. ஆனால் எங்க கரிசல் பக்கத்தில் மகமைன்னா நாடார் உறவின்முறைதான் ஞாபகம் வரும்.

தெற்கே தேரிக்காட்டில் பனையேறிக்கிட்டிருந்த ஜனம் அது. அதில் ஒரு பகுதியினர் கருப்பட்டி, கருவாடு, உப்புன்னு வண்டி கட்டி வடக்கே வியாபாரத்துக்கு வந்தாங்க. வழியில் கள்ளர் பயம். ராத்திரி தங்க இடம் வேணும், மாடு அவிழ்த்துக் கட்ட இடம் வேணும். அதுக்காகச் சுவர் எழுப்பி, கிணறு வெட்டி, காவல் போட்டுக் கட்டினதுதான் பேட்டை. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டைன்னு ஆறு ஊர்களில் இப்படி வேர் விட்டாங்க. (விருதுபட்டிதான் 1923-ல் விருதுநகர் ஆச்சு.) பேட்டையை நடத்தக் காசு வேணும்ல? அதுக்கு மகமை. ஒவ்வொரு வியாபாரியும் தன் வரும்படியில், தன் சரக்கில் இவ்வளவுன்னு பொதுவில் போடணும். போடாதவனுக்கு உறவின்முறையில் பேச்சு இல்லை. நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. கொடுக்கிறவன் மனசைப் பொறுத்த தானமா அது இருக்கலை, ஊர்க் கட்டாயமாத்தான் இருந்துச்சு. இதை நான் ஒரு குறையாச் சொல்லலை. மனசு வந்தால் தர்றதை நம்பிப் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. வானம் பார்த்த பூமியில் வெள்ளாமை பண்ணுறவனுக்கு இது நல்லாவே தெரியும்.

கையில் பணம் சேர்ந்தும் கோயிலுக்குள்ள போக முடியாத காலம் அது. கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைஞ்சதுக்கு வழக்கு நடந்து, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல் அவங்களுக்கு எதிரா முடிஞ்சது. நடுவில் 1899-ல் சிவகாசியில் பெரிய கலவரம். வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் கொட்டின காசு கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனால் அந்த வழக்குக்கெல்லாம் முந்தியே, 1889-ல், விருதுபட்டிக்காரங்க இன்னொரு வேலையையும் ஆரம்பிச்சுட்டாங்க. க்ஷத்திரிய வித்யாசாலைன்னு ஒரு பள்ளிக்கூடம். பேரில் இருக்கிற க்ஷத்திரியம் அன்றைய வழக்குகளோடு சம்பந்தப்பட்ட விஷயம், அதை விடுங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஊரில் வழங்கின பேர் வேற: பிடி அரிசிப் பள்ளிக்கூடம்.

ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது, களைஞ்சு போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியா ஒரு பானையில் போட்டு வைப்பாங்க. அதைப் பள்ளிக்கூடத்துக்காக வந்து வாங்கிட்டுப் போவாங்க. அதை வித்த காசு வாத்தியார் சம்பளத்துக்கும் மத்த செலவுக்கும். நான் ஒரு நாள் என் வீட்டில் ஒரு பிடி அரிசியை எடுத்து எடை போட்டுப் பார்த்தேன். என் கைக்கு 50 கிராமுக்குக் கொஞ்சம் மேல வந்தது. 50-ன்னே வைங்க. மாசத்துக்கு ஒன்றரைக் கிலோ. 500 வீடு கொடுத்தால் 750 கிலோ, பத்து மூட்டை அரிசி. ஒரு வீட்டுக்கும் வயிறு குறைஞ்சிருக்காது. இதில் கவனிக்கணும், மகமையைக் கட்டினது ஆம்பளைங்க, கணக்குப் பார்த்தது ஆம்பளைங்க. பிடி அரிசியை எடுத்து வச்சது அடுப்படியில் இருந்த பொம்பளைங்க. அவங்க பேர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவங்க பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் படிக்கப் போயிருப்பாங்கன்னு யோசிச்சால் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

இன்னொண்ணு, எங்க பக்கத்துக் கிராமங்களில் அப்போ கம்பும் சோளமும்தான் சாப்பாடு. அரிசிச் சோறு தீபாவளி, பொங்கலுக்குத்தான். அதனால் பிடி அரிசிங்கிறது டவுனில் நாலு காசு பார்த்த குடும்பங்களால்தான் முடிஞ்சது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படிச்சு, பாதியில் நின்ன ஒரு பையனைத்தான் தமிழ்நாட்டுக்கே தெரியும். 1903-ல் பிறந்த காமராஜர். சின்ன வயசில் அப்பா குமாரசாமி செத்துப்போனார். அம்மா சிவகாமி நகையை வித்துத்தான் குடும்பத்தை ஓட்டினாங்க. பையன் ஆறாவதோட நின்னு மாமா துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லைன்னா மட்டும் பிள்ளை படிச்சிடாது, வீட்டில் அடுப்பும் எரியணும். பிறகு அவர் முதலமைச்சரா இருந்தப்போ, 1956-ல், மதிய உணவுத் திட்டம் வந்தது. ஆரம்பத்தில் அதுக்கு ஊர் ஊராப் பொதுமக்கள் கிட்டதான் தானியமும் பணமும் கேட்டு வாங்கினாங்க. அப்புறம்தான் அரசாங்கம் பங்கு போட்டது. பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவருக்கு அந்த யோசனை புதுசா இருந்திருக்காதுன்னு எனக்குத் தோணுது.

சரி, பள்ளிக்கூடம் ஆச்சு. காலேஜுக்கு என்ன வழி? அந்தக் காலத்தில் பள்ளிப் படிப்பு முடிச்ச பையன் மேல படிக்கணும்னா மதுரைக்குப் போகணும், இல்லை திருநெல்வேலி, பாளையங்கோட்டைக்குப் போகணும். காலேஜ் சம்பளம், தங்குற செலவு, சாப்பாடு. சின்னக் கடை வச்சிருந்தவனால்கூட முடியாது. இங்கேதான் நாடார் மகாஜன சங்கம் வருது. பொறையாறு ரத்தினசாமி நாடார் முயற்சியில் 1910-ல் தொடங்கினது. அவங்க செஞ்ச பல காரியங்களில் எனக்குப் பிடிச்சது படிப்புக்குக் கொடுத்த கடன். இனாம் இல்லை, கடன். படிச்சு வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்டணும். கட்டின காசு அடுத்த பையனுக்குப் போகும்.

இதைப் படிச்சப்போ எனக்கு விதைக் கம்புதான் ஞாபகம் வந்தது. எங்க தாத்தா காலத்தில் ஊரில் விதை இல்லாதவன் இருக்கிறவன்கிட்ட ஒரு மரக்கா வாங்கி விதைப்பான், களத்தில் கதிர் அடிச்சதும் ஒன்றே கால் மரக்காவாத் திருப்பிக் கொடுப்பான். வாங்கினவனுக்கு யார் முன்னாடியும் தலை குனிய வேண்டியதில்லை. கொடுத்தவனுக்கும் அடுத்த வருஷம் கொடுக்க விதை இருக்கும். இனாமாக் கொடுத்தால் வாங்குறவன் கூசுவான், கொடுக்கிறவன் அலுத்துப்போவான். ஆனால் மழை பொய்ச்சால் விதைக்கடன் திரும்பாது. படிச்சும் வேலை கிடைக்காதவன் கதையும் அதேதான். அதனால் கடன் மட்டுமே போதும்னு சொல்ல மாட்டேன்.

அந்தச் சங்கத்துக்குத் தலைவரா இருந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரைப் பத்தித் தனியாவே எழுதலாம். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவரா இருந்தப்போ, தாழ்த்தப்பட்டவங்களை ஏத்த மாட்டேன்னு சொல்ற பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாதுன்னு உத்தரவு போட்டவர். சென்னையில் பாண்டி பஜார் இருக்கே, அது அவர் பேர்தான்.

1947-ல் விருதுநகரிலேயே காலேஜ் வந்துச்சு. செந்திக்குமார நாடார் கல்லூரி. பெண் பிள்ளைகளுக்குன்னு வன்னியபெருமாள் கல்லூரி வர 1962 ஆச்சு. நடுவில் 15 வருஷம். சிவகாசியில் 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் படிச்சுட்டு வந்தாரே, அதே அய்ய நாடார் பேரில். இதைப் பார்த்து மத்தவங்களும் சும்மா இருக்கலை. ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி, அருப்புக்கோட்டையில் நெசவுத் தொழில் பண்ற தேவாங்கர் சமூகத்துக் கல்லூரி, இதெல்லாம் 1970-ஐ ஒட்டி வந்தவை. ஒரு சாதி இன்னொரு சாதியைப் பார்த்துப் போட்டி போட்டுக் காலேஜ் கட்டின ஜில்லா இது. கோயில் கொடைக்குப் போட்டி போட்டதை விட இது எவ்வளவோ மேல்.

என்னைப் பொறுத்தவரைக்கும் பெரிய மாற்றம் கட்டடத்தில் இல்லை, தூரத்தில்தான். காலேஜ் 15 கிலோமீட்டரில் வந்தப்புறம் பையன் காலையில் தூக்குச்சட்டியில் கஞ்சியோட பஸ் ஏறி, சாயங்காலம் வந்து மாட்டுக்குத் தண்ணி காட்ட முடிஞ்சது. விடுதிச் செலவு மிச்சம், வீட்டு வேலைக்கும் ஆள் உண்டு. வாத்தியார் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிற உதவி பெறும் கல்லூரிகளில் கட்டணமும் நம்ம கைக்கு எட்டுற அளவு. இந்தக் கல்லூரிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்குது. எங்க ஊர் முதல் பட்டதாரியும் அங்கேதான் படிச்சார், அவரும் அந்தச் சமூகம் இல்லை. மகமைக் காசு யாருடையதுன்னு கேட்டால், எழுதினது கடைக்காரர், ஆனால் மூட்டை எங்களுடையது. எங்கப்பா சீட்டில் கழிச்ச பைசாவும் அந்தச் செங்கலில் இருக்குன்னுதான் நான் கணக்குப் பண்ணுறேன்.

ஆனால் உறவின்முறையோ மகமையோ இல்லாதவங்க என்ன செஞ்சாங்க? காலனித் தெருவில் பிறந்தவனுக்கு வரி போடக் கடை இல்லை, எடுத்து வைக்க அரிசி இல்லை. அம்பேத்கரே 1913-ல் பரோடா மகாராஜா கொடுத்த உதவித்தொகையில்தான் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் காலேஜ் படிக்க அரசாங்க உதவித்தொகை 1944-ல்தான் தொடங்குச்சு. அந்தப் பணமும் ஆதிதிராவிடர் விடுதியும் இல்லைன்னா அவங்களில் முதல் தலைமுறை காலேஜ் வாசலையே பார்த்திருக்காது. தர்மம் எவ்வளவு பெரிசா இருந்தாலும் அதுக்கு ஒரு எல்லைக்கல் இருக்கு. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் சர்க்கார்தான் போகணும்.

இதெல்லாம் இப்போ ஏன் எழுதுறேன்னா, எங்க ஊரில் ஒரு விவகாரம் ஓடிக்கிட்டிருக்கு. காலையில் எங்க ஊர் விலக்கில் ரெண்டு வண்டி வரும். ஒண்ணு பட்டாசு ஆலை வேன், இன்னொண்ணு காலேஜுக்குப் போற டவுன் பஸ். வேன் முதலில் வந்துடும். போன வருஷம் பன்னிரண்டாவது முடிச்ச பிள்ளைகளில் மூணு பேர் அந்த வேனில்தான் ஏறினாங்க. அதில் ஒரு பிள்ளை நல்ல மார்க். அவ அம்மா என் காட்டுக்குக் களை எடுக்க வர்றவ. "அரசாங்கம் மாசம் ஆயிரம் தருதுல்ல, சேர்த்து விடேன்"னு சொன்னேன். "சேரும்போது கட்டுற காசுக்கும் துணிமணிக்கும் யாருண்ணே தருவா? இவ கொண்டு வர்ற கூலியில்தான் குழுக் கடன் அடையுது" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

பங்குனிப் பொங்கலுக்கு எங்க ஊரில் தலைக்கட்டு வரி உண்டு. போன தடவை வீட்டுக்கு 2,000. ரேடியோ செட்டுக்கும் ஆடல் பாடலுக்கும் போனது அதில் பாதிக்கு மேல. கூட்டத்தில் எழுந்திரிச்சு, தலைக்கட்டுக்கு 200 ரூபாய் மட்டும் தனியா எடுத்துப் படிப்புக் கடனாக் கொடுப்போம்னு கேட்டேன். "சாமி காசில் கை வைக்கக் கூடாது"ன்னு ரெண்டு பேர் சத்தம் போட்டாங்க. ஒரு பெரியவர், "சாமி என்ன பரீட்சையா எழுதப் போகுது, கொடுங்கடா" என்றார். சிரிப்பில் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கிட்டாங்க.

சிக்கல் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. கடன் தலைக்கட்டில் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்னு எழுதச் சொன்னாங்க. காலனித் தெரு எங்க தலைக்கட்டுக் கணக்கிலேயே இல்லை. அவங்ககிட்ட வரி வாங்குறதில்லை, வாங்கினால் பொங்கலில் பங்கு கொடுக்கணும்ல. அந்த மூணு பிள்ளைகளில் ரெண்டு பேர் அந்தத் தெரு. அப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நோட்டு இன்னும் நாட்டாமை வீட்டு அலமாரியில்தான் இருக்கு. காலனித் தெருவில் போய்ப் பேசினேன். "வரி கட்டுறோம், ஆனால் நோட்டில் எங்க பேரும் எழுதணும்"னு பத்தொன்பது வீட்டுக்காரங்க சொல்லியிருக்காங்க.

சித்திரை முதல் வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். காலேஜில் விண்ணப்பம் மே மாசம் கொடுக்க ஆரம்பிச்சிடுவாங்க.