தோட்டத்துக் குட்டையின் வரலாறு

போர்களும் முடிசூட்டு விழாக்களும் மட்டுமே வரலாறு ஆகா. ஒரு சிறு குட்டைக்கும் வரலாறு உண்டு. இங்கிலாந்து நாட்டுக் குட்டைகளின் கதை அதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டின் செஷயர் பகுதியில் வயல்களினிடையே எண்ணற்ற குட்டைகள் இருந்தன. அவற்றுட் பல, நீருக்காக வெட்டப்பட்டவை அல்ல. ‘மார்ல்’ எனப்படும் சுண்ணாம்பு கலந்த களிமண்ணை உழவர்கள் தோண்டியெடுத்து நிலத்திற்கு இட்டு வந்தனர். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இவ்வழக்கம் ஓங்கியிருந்தது. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கியது, கால்நடைகள் அருந்தின, தவளையும் தட்டானும் குடியேறின.

பின்னர் அவை அழிந்தது எவ்வாறு? செயற்கை உரம் கிடைத்தபின் மார்ல் தோண்டுவார் இல்லை. குழாய்நீர் வந்தபின் கால்நடைகளுக்குக் குட்டை தேவைப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், விளைச்சலைப் பெருக்கும் பொருட்டு வயல்கள் ஒன்றாக்கப்பட்டன. குட்டைகள் பல தூர்க்கப்பட்டன. இதனைச் செய்தோர் தீயோர் அல்லர். நாட்டின் பசியைப் போக்க முனைந்தோரே. எனினும், எங்கும் காணப்பட்ட தவளை நாட்டுப்புறங்களில் அருகி வருவதை 1960-களில் இயற்கை ஆய்வாளர்கள் உணர்ந்தனர். பல்லி போன்ற உருவமும் தவளை போன்ற வாழ்க்கையும் உடைய பெரிய கொண்டை நியூட்டுக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்தது.

ஆனால், சட்டம் மட்டும் நீர்நிலையைத் தந்துவிடுமா? தவளைக்குப் புகலிடம் தந்தவை வீட்டுத் தோட்டங்களே. முற்காலத்தில் நீர் கசியாதிருக்கக் களிமண்ணைப் பிசைந்து மிதித்துத் தளமிட வேண்டும். ரப்பர்த் தாள்கள் வந்தபின், எளிய குடும்பத்தினரும் சிறு குட்டை அமைக்கலாயினர்.

அதன் முறையும் எளிதே. ஒரு கரையேனும் சரிவாக இருத்தல் வேண்டும். இன்றேல், உள்ளே விழுந்த முள்ளெலி ஏறமாட்டாது மூழ்கிவிடும். மீன் விடலாகாது, அது தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும். குழாய்நீரினும் மழைநீரே நன்று. குழாய்நீரிலுள்ள சத்துக்கள் பாசியை வளர்க்கும். தவளைகளைப் பிடித்து வந்து விடுதலும் வேண்டா, நோய் பரவக்கூடும், அவை தாமே வந்து சேரும்.

நல்லெண்ணத்தோடு அறிவும் வேண்டும். அழகுக்காக வளர்த்த அயல்நாட்டு நீர்ச்செடிகள் பரவி நீர்நிலைகளை மூடியமையால், அத்தகைய ஐந்து செடிகளின் விற்பனை 2014-இல் இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டது.

மாணவர்களே! பயனற்றது என்று கருதி ஒரு குட்டையைத் தூர்க்குமுன், அதில் குடியிருப்போர் யாவர் எனக் கேட்டறிதல் வேண்டும். அக்கேள்வியை ஒரு தலைமுறை கேட்கத் தவறியதன் விளைவையே இவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது.