சுருள்வில்லும் பூட்டு வளையமும்
இந்திய மோட்டார் வரலாற்றைத் தொழிற்சாலை வாசலோடு நிறுத்திவிடுவது நம் ஆய்வுகளின் பழக்கம். வாசலுக்கு அப்பால், பட்டறையில் நிகழ்ந்த மாற்றத்தை ஒரே உறுப்பைக் கொண்டு காட்டலாம். அம்பாசடரின் முன்சக்கரங்களைத் தாங்கியது டார்ஷன் பார், பின்சக்கரங்களைப் பட்டைவில். 1961 முதல் சென்னையருகே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்புறத்திலோ ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள்வில் அமைந்திருந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வழியே அவ்விணைப்பைப் பெருவழக்காக்கியது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையையும் ஷாக்கிடமே ஒப்படைத்தது.

இன்றைய காயில்ஓவரும் அதே குடும்பம்தான். உடலில் மரை வெட்டி, வளையத்தைத் திருகி உயரத்தை மாற்ற வழிசெய்திருக்கிறார்கள். பழுதும் அங்கேதான் பிறக்கிறது. மழைக்காலச் சேறும் கடலோர உப்பும் மரையில் இறுகினால் வளையம் அசைய மறுக்கும். சுத்தியலை எடுப்பவர் அலுமினிய வளையத்தை இழப்பார். தூரிகையால் துலக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருப்பதே முறை. 'கடகட' ஒலி கேட்டதும் ஷாக்கைக் குறைசொல்கிறோம். பூட்டு வளையம் தளர்ந்திருக்கலாம். மேல் தாங்கியின் பேரிங் தேய்ந்திருக்கலாம். உடலின் மேல் எண்ணெய் வழிந்திருந்தால் மட்டும் ஐயமில்லை, சீல் போயிற்று. காரைத் தாழ்த்தியபின் அலைன்மென்ட் பாராமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு முதலில் தேயும்.

அம்பாசடர் காலத்துப் பட்டறைக்காரர் பட்டைவில்லை இதழிதழாகப் பிரித்து, ஒடிந்ததை மட்டும் மாற்றினார். இன்றைய மூடிய ஷாக் பெரும்பாலும் முழுதாகவே மாற்றப்படுகிறது. பிரித்துச் சேர்த்த அந்தக் கைப்பழக்கத்தின் கதையை எழுத முனையும் மாணவர்கள், உற்பத்திப் புள்ளிவிவரங்களுக்கு முன் பட்டறைகளின் பழைய பற்றுச்சீட்டுகளைத் தேடட்டும்.