சாலைக் குறியீட்டுப் பலகைகளைச் சேதப்படுத்துதலும் தண்டனைச் சட்டங்களும்

சாலையோரக் குறியீட்டுப் பலகைகளைச் சிதைப்பதும் திருடுவதும் இந்தியாவில் குற்றங்களாகும். இவற்றுக்கு 500 ரூபாய் அபராதம் முதல் 5 ஆண்டுச் சிறை வரை தண்டனை உண்டு. ஒரே பலகைக்கு இவ்வளவு வேறுபட்ட தண்டனைகள் ஏன் என்பது, இச்சட்டங்களின் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும்.

பழங்கால வழிக்கற்கள்

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல் தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தறியாதவருக்காக 2 பெரிய குழிகளும் 9 சிறிய குழிகளும் அதில் வெட்டப்பட்டுள்ளன. அக்காலக் கல்வெட்டுகளில், அறத்துக்குத் தீங்கு செய்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்று எழுதும் வழக்கம் இருந்தது. கல்லில் எழுதியதைக் காக்கப் பாவத்தைப் பற்றிய அச்சமும் துணை நின்றது.

ஆங்கிலேயர் காலம்

1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் இரண்டு வழிகளில் இக்குற்றத்தை அணுகியது. பலகையைத் திருடினால் பிரிவு 379-இன்படி 3 ஆண்டு வரை சிறை. பொதுச்சாலையைச் செல்ல முடியாததாகவோ பாதுகாப்புக் குறைந்ததாகவோ ஆக்கினால் பிரிவு 431-இன்படி 5 ஆண்டு வரை சிறை. முதலாவது பொருளைக் காப்பது. இரண்டாவது பயணியைக் காப்பது.

விடுதலைக்குப் பின்

பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் 1984-இல் வந்தது. அரசுச் சொத்தைச் சேதப்படுத்துவோருக்கு 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க அது வழி செய்தது. தமிழ்நாடு 1992-இல் இயற்றிய சட்டம், சொத்துச் சேதத்துக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகமாக 5 ஆண்டுச் சிறை என வரையறுத்தது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 116, போக்குவரத்துக் குறியீடுகளைப் பற்றியே தனியாகப் பேசுகிறது. வேண்டுமென்றே அவற்றை அகற்றுவதும் மாற்றுவதும் உருக்குலைப்பதும் கூடாது. மேலூர் வட்டாரத்தில் காதணி விழா, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் இப்பலகைகளின் மேலும் ஒட்டப்படுவதுண்டு. ஒட்டுபவர் இதைக் குற்றமாக எண்ணுவதில்லை. ஆனால் எச்சரிக்கை மறைந்துவிடுகிறது. இச்சட்டத்தில் தனித் தண்டனை கூறப்படாத மீறல்களுக்கு, 2019 திருத்தத்தின்படி முதல்முறை 500 ரூபாய் வரையும் மறுமுறை 1,500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

புளோரிடா வழக்கு

1996 பிப்ரவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், தாம்பா நகருக்கு அருகே ஒரு சாலைச் சந்திப்பில் "நில்" பலகை இல்லாததால் சந்திப்பில் நிற்காமல் சென்ற கார் மீது லாரி மோதியது. காரில் இருந்த 3 இளைஞர்கள் இறந்தனர். பலகையைப் பிடுங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மூவருக்கு 1997-இல் தலா 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. விசாரணையில் அரசு வழக்கறிஞர் வாதிட்ட முறை தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் அத்தீர்ப்பை நீக்கியது. ஆயினும், ஒரு பலகையைப் பிடுங்குவது உயிர்க்கொலை வரை போகக்கூடும் என்பதை இவ்வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

இன்றைய நிலை

2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதா நடைமுறையில் உள்ளது. பழைய பிரிவு 431 இதில் பிரிவு 326-இன் ஒரு பகுதியாகத் தொடர்கிறது. திருட்டுக்குரிய பிரிவு 303-இல் ஒரு புதுமை உண்டு: திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறைக் குற்றவாளி அதைத் திருப்பித் தந்தால் சமூகசேவையே தண்டனை. எனவே சிறிய பலகையைத் திருடியவர் சமூகசேவையோடு தப்பலாம். அதே செயலால் சாலை ஆபத்தானது என்று மெய்ப்பிக்கப்பட்டால் 5 ஆண்டுச் சிறைக்கும் போகலாம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் விலையை வைத்து இக்குற்றத்தை எடைபோட முடியாது.

மேலூர் வழியாகச் செல்லும் திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் வெளியூர் வண்டிகள் ஓடுகின்றன. எந்த இடத்தில் வளைவு, எங்கே சந்திப்பு என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். வெளியூர் ஓட்டுநருக்குப் பலகைதான் சொல்ல வேண்டும். தவறுதலாக வண்டி மோதிப் பலகை பயனற்றுப் போனாலும், 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 116 கூறுவது இதனால்தான். பலரும் அறியாத இக்கடமையை மாணவர்கள் வீட்டிலும் எடுத்துச் சொல்லலாம்.